கள்ளன் வாசித்த புத்தகம்



உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். அரண்மனைச் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், ஊருக்குப் புதியவனாகிய கோவலன்மீது பழியைச் சுமத்திய இடத்தை விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சேர், இது நெற்ஃபிளிக்ஸில வந்த லூப்பின் கதையெல்லோ?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் அத்தொடரை அதுவரை பார்த்திருக்கவில்லை. ஆசிரியன் ஒருவனுக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. “பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்” என்று அவனை இருத்திவிட்டு, அடுத்த இரண்டு வாரங்களில் 17 அத்தியாயங்களையும் பார்த்து முடித்தேன்.

பார்த்து முடித்த பின்னர்தான், அதைப்பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசுகிறார்கள் என்பது காதில் விழத் தொடங்கியது. ஆசிரியர் ஓய்வறையில் ஒரு கருத்து, உறவினர் வீட்டில் ஒரு கருத்து, வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வேறொரு கருத்து. பழைய பாத்திரம் ஒன்றைப் புதிய காலத்துக்குக் கொண்டுவரும்போது எழுகின்ற வழக்கமான சண்டைதான். ஆனால் இந்தச் சண்டைக்குள்ளே இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டிய சங்கதிகள் சில இருக்கின்றன. இன்று அவற்றைப்பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலிலே மூலத்தைப் பார்த்துவிடுவோம். ஆர்சேன் லூப்பின் என்னும் கனவான் கள்ளனைப் படைத்தவர் மொரிஸ் லெப்லாங் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். 1864இல் ரூவான் நகரிலே பிறந்து 1941இல் மறைந்தவர். ‘ஜ சே தூ’ (எனக்கு எல்லாம் தெரியும் என்பது பொருள்) என்ற சஞ்சிகையில் 1905ஆம் ஆண்டு யூலை மாதம் முதற்கதை வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் கைதாவதே அந்த முதற்கதையின் பொருள். கப்பலில் லூப்பின் ஒளிந்திருக்கிறான் என்ற செய்தி பரவ, பயணிகள் ஒருவரையொருவர் சந்தேகிக்கின்றனர். கதையை நமக்குச் சொல்லிக்கொண்டு வருபவனே லூப்பின் என்பது கடைசியில்தான் தெரிகிறது. முதல் ஒன்பது கதைகளும் 1907இல் நூலாயின. இடையிலே ஷேர்லொக் ஹோம்ஸையும் தன் கதைக்குள் இழுத்துவந்தார் லெப்லாங். கொனன் டொயில் ஆட்சேபிக்கவே, பெயரின் முதலெழுத்துக்களை இடம்மாற்றி ‘ஹேர்லொக் ஷோம்ஸ்’ ஆக்கிவிட்டார். எழுத்தை மாற்றி ஆளை மறைப்பது லூப்பினுக்கு மாத்திரமன்றி அவனைப் படைத்தவருக்கும் கைவந்த கலை.

பின்னர் நாடகம், சினிமா, தொலைக்காட்சி என்று இக்கள்ளன் போகாத இடமில்லை. 1908இல் பாரிஸ் மேடையிலே அந்திரே புரூலே நடித்தார். 1932இல் ஹொலிவூட்டில் ஜோன் பரிமோர். 1971 முதல் 1974 வரை பிரெஞ்சுத் தொலைக்காட்சியிலே ஜோர்ஜ் தெக்ரியேர். 1967இல் ஜப்பானிய சித்திரக்கதையொன்று லூப்பினுக்கு ஒரு பேரனையே உண்டாக்கிவிட்டது. உயர்ந்த கறுப்புத் தொப்பி, ஒற்றைக் கண்ணாடி, வெள்ளைக் கையுறை என்று இன்று நாம் மனத்திலே காணும் உருவம் அட்டைப்படங்களும் மேடையும் திரையும் சேர்ந்து வளர்த்த உருவம். முதற்கதையின் முடிவிலே லெப்லாங் சொல்வது நேர்மாறானது. அவனை எத்தனை தரம் பார்த்தாலும் அத்தனை தரமும் வேறொரு மனிதனையே பார்த்ததாகத் தோன்றும், ஆகையால் அவனுடைய தோற்றத்தை வருணிக்க இயலாது என்கிறார். இதனை மனத்திற் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனித் தொடருக்கு வருவோம். ஜோர்ஜ் கே, பிரான்சுவா யூசான் ஆகியோர் உருவாக்கிய ‘லூப்பின்’ தொடரின் முதற்பகுதி 2021 ஜனவரியிலும், இரண்டாம் பகுதி அதே ஆண்டு யூனிலும், மூன்றாம் பகுதி 2023 ஒக்ரோபரிலும் வெளியாயின. முதல் 28 நாட்களில் 7 கோடி வீடுகளில் அது பார்க்கப்படும் என்று நிறுவனமே கணக்கு வெளியிட்டது. நிறுவனத்தின் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்றாலும், உலகம் முழுவதும் பார்த்தது என்பதில் ஐயமில்லை.

கதாநாயகன் லூப்பின் அல்லன். அவன் பெயர் அஸான் டியோப். செனகலிலிருந்து பாரிசுக்கு வந்த பபகார் என்ற கார்ச் சாரதியின் மகன். பெலெக்ரினி என்னும் செல்வந்தரின் வீட்டில் தந்தைக்கு வேலை. 1995இல் அந்த வீட்டிலிருந்து அரசி மரி அந்துவனெத்தின் வைர மாலை காணாமற்போகிறது. பழி சாரதிமேல் விழுகிறது. உண்மையில் காப்புறுதிப் பணத்துக்காக மாலையை ஒளித்தவர் பெலெக்ரினியே. பபகார் சிறையிலே தூக்கிட்டுக்கொண்டார் என்று மகனுக்குச் சொல்லப்படுகிறது. அவனிடம் எஞ்சுவது, தந்தை பிறந்தநாளுக்கென்று சுற்றிவைத்த ஒரு பொதி. அதற்குள்ளே இருந்தது லெப்லாங்கின் லூப்பின் கதைப் புத்தகம். அதை வாசித்து வாசித்தே வளர்கிறான். 25 ஆண்டுகளின் பின்னர் அதே மாலை லூவர் அருங்காட்சியகத்தில் ஏலத்துக்கு வரும்போது, புத்தகத்தில் கற்றவற்றைச் செயலிற் காட்டுகிறான்.

இப்போது என் மாணவன் சொன்னது விளங்கும். அரசியின் அணிகலன், வெளியூரான்மீது விழும் பொய்ப்பழி, குற்றம் சாட்டுகிறவனே கள்ளன், மாண்டவனுக்காக நியாயம் கேட்கப் புறப்படும் உறவு. ஒப்புமை பொருத்தமானதுதான். வேற்றுமையும் இருக்கிறது. கண்ணகிக்கு ஒரு சபை கிடைத்தது. சிலம்பை உடைத்தாள், பரல் தெறித்தது, அரசன் தவறை உணர்ந்தான். அஸானுக்கு அப்படியொரு சபை கிடைக்கவில்லை. அவனும் முதலிலே சாட்சியைத் தேடித்தான் போகிறான். பெலெக்ரினியின் ஊழலை எழுதப்போய் வாழ்விழந்த முதிய பத்திரிகையாளர் பெண்மணி ஒருவரைத் துணைக்கழைக்கிறான். அவர் கொல்லப்படுகிறார். அவருடைய நாய்க்குட்டிக்கு, எமிலி ஸோலா 1898இல் எழுதிய பகிரங்கக் கடிதத்தின் தலைப்பைப் பெயராக வைத்திருப்பது வெறும் வேடிக்கைக்காக அல்ல. நீதி கேட்டு உரக்கக் குரலெழுப்பும் வழி அடைபட்ட பின்னரே வேடம் போடும் வழி முழுமையாகத் திறக்கிறது.

பார்த்தவர்களின் முதலாவது குறை, இது லூப்பினே அல்ல என்பது. பழைய பிரெஞ்சுத் தொடரிலே ஊறியவர்களும் மூலநூலை நேசிப்பவர்களும் அதிகம் சொன்ன குறை இது. தொப்பி எங்கே, கனவான் எங்கே, 1900களின் பாரிஸ் எங்கே என்பது அவர்களின் கேள்வி. நாயகன் கறுப்பு இனத்தவனாக இருப்பதையே குறையாகக் கண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு விடைசொல்ல நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. மற்றவர்களின் கேள்வி நியாயமான கேள்வி.

முதல்நூலோடு பெரிதும் ஒத்து நின்று, பின்வந்தவன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து, மரபு அழியாமற் செய்வது வழிநூல் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தேன். லெப்லாங் 1906இல் ‘அரசியின் மாலை’ என்றொரு கதை எழுதினார். தெரே சுபீஸ் என்னும் பிரபு குடும்பத்திலிருந்து மரி அந்துவனெத்தின் பெயரோடு தொடர்புடைய மாலை களவுபோகிறது. பிரபுவின் மனைவிக்குப் பள்ளித் தோழியாக இருந்தும் நிலை தாழ்ந்து, அந்த வீட்டிலே தையல் வேலை செய்து ஒண்டி வாழும் ஹென்றியெத் என்ற பெண்மேல் சந்தேகம் விழுகிறது. ஆதாரம் கிடைக்காவிட்டாலும் அவள் வெளியேற்றப்படுகிறாள். பல ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்தின் விருந்திலே வந்தமர்ந்த ஒரு கனவான், களவு எப்படி நடந்தது என்று ஊகிப்பவன் போலச் சொல்லிக்கொண்டே போகிறான். திருடியது அவளுடைய ஆறு வயது மகன் ராவுல். தாய் பட்ட அவமானத்தைக் கண்டு பொறாத பிள்ளை. அந்த ராவுலே விருந்திலிருப்பவன், அவனே லூப்பின்.

ஆக, தொப்பிக்கும் கையுறைக்கும் உள்ளே மூல ஆசிரியர் வைத்த விதை இதுதான்: எசமான் வீட்டில் வேலைக்காரப் பெற்றோர் படும் அவமானத்தைப் பார்த்து நின்ற பிள்ளை. தொடரை எழுதியவர்கள் கனவானின் உடையை விட்டுவிட்டு இந்த விதையை எடுத்துக்கொண்டார்கள். தையற்காரி, சாரதி ஆனார். அஸான் தன் மகனுக்கு இட்ட பெயரும் ராவுல். ஒன்றை மாத்திரம் தலைகீழாக்கினார்கள். லெப்லாங்கின் கதையிலே களவு முன்னும் பழி பின்னும் வருகின்றன. தொடரிலே பழி முன்னால் வருகிறது, களவு 25 ஆண்டுகள் தாமதித்து வருகிறது. பின்வந்தோர் வேண்டிய வேறுபாடு அது. மரபு அழிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

(வரலாற்றிலே அரசி அந்த மாலையை அணிந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜான் தெ லா மொத் என்ற பெண், கர்தினால் ரோகானை ஏமாற்றி, அரசியின் பெயரால் 1785இல் அதைக் கைப்பற்றினாள். வைரங்கள் கழற்றி விற்கப்பட்டன. வாங்காத மாலைக்காகவும் அரசியை மக்கள் வெறுத்தார்கள். பொய்ப்பழி அந்த மாலையோடு கூடப்பிறந்தது போலும்.)

இரண்டாவது குறை, நம்பமுடியவில்லை என்பது. ஆறடிக்கும் மேலான உயரம், எவரும் மறக்கமுடியாத சிரிப்பு. இந்த மனிதன் ஒரு தொப்பியும் ஒட்டுத்தாடியும் வைத்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாதா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நானும் முதல் இரண்டு அத்தியாயங்களில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அஸான் லூவருக்குள் எப்படிப் போகிறான் என்பதைப் பாருங்கள். துப்புரவுத் தொழிலாளியாகப் போகிறான். மற்றொரு முறை ஏலம் கேட்க வந்த கோடீசுவரனாகப் போகிறான். மாலையைக் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு, பிறகு துப்புரவுத் தொழிலாளியாக வந்து அந்தக் கூடையை வெறுமையாக்கிக்கொண்டு வெளியேறுகிறான். கூடை தூக்குபவனின் முகத்தை யார் பார்த்தார்கள்? சமூகம் முகத்தைப் பார்க்காமல் சீருடையை மாத்திரம் பார்க்கும் இடங்கள் எவையோ, அவற்றிலேயே அவன் ஒளிந்துகொள்கிறான். லெப்லாங்கும் இதை அறிந்தவர். லூப்பின் சிறையிலிருந்து தப்பும் கதையிலே, அவன் சுவரேறிக் குதிக்கவில்லை. நான் வழக்குக்கு நிற்கமாட்டேன், தப்பிவிடுவேன் என்று முன்னரே ஊரெல்லாம் பறைசாற்றிவிடுகிறான். வழக்கு நாளிலே கூண்டில் ஒரு பரதேசி போல நிற்கிறான். எல்லோருக்கும் அவன் தப்பியிருப்பான் என்ற எதிர்பார்ப்பு. ஆகவே நிற்பவன் வேறு எவனோ என்று, அவனைக் கைதுசெய்த கனிமார் என்ற துப்பறிவாளரே சாட்சி சொல்லிவிடுகிறார். விடுதலை!

2021இல் தொடர் வெளிவந்தபோது நடிகர் ஒமார் சீ ஒரு காரியம் செய்தார். 2011இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காகப் பிரான்சின் சேசார் விருதைப் பெற்றவர். அந்நாட்டில் அவரைத் தெரியாதவர் அரிது. அவர் தொழிலாளி உடை அணிந்து, முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்திலே தன்னுடைய முகம் அச்சிட்ட பெரிய விளம்பரத்தைத் தானே ஒட்டினார். போவோர் வருவோர் அவரைக் கவனிக்கவில்லை. ‘நம்பமுடியாது’ என்றவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா தெரியவில்லை. தொற்றுக்காலத்து முகக்கவசமும் உதவியது என்று என் மகள் சொல்கிறாள். அதுவும் சரிதான்.

மூன்றாவது குறையைச் சொன்னவர் எங்கள் ஓய்வறையில் இருக்கும் மூத்த கணித ஆசிரியர். “கள்ளனைக் கதாநாயகனாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினால், நாளைக்கு நீங்கள் கள்ளாமை அதிகாரத்தை எந்த முகத்தோடை படிப்பிக்கப் போறியள்?” என்று கேட்டார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. லூப்பினுக்கு முன்னரே, 1899இல், ராபிள்ஸ் என்னும் கனவான் கள்ளனை நூலாக்கியவர் ஹோர்னங். அவர் கொனன் டொயிலின் தங்கை கணவர். குற்றவாளியை நாயகனாக்கலாகாது என்று மைத்துனராகிய டொயிலே கடிந்திருக்கிறார்.

தொடரிலே ஒரு காட்சி வருகிறது. அஸான் பொலிஸ்காரன் வேடத்தில் ஒரு வயோதிபப் பெண்ணின் வீட்டுக்குப் போய், பாதுகாப்புக்கென்று சொல்லி அவருடைய வைரங்களை வாங்கிக்கொண்டு போகிறான். தனித்து வாழும் முதியவர்களை இப்படி ஏமாற்றுவோர் பற்றி நாமும் அறிவோம். மனம் கசக்கிறது. உடனே அந்தப் பெண், பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவில் அந்த வைரங்கள் எவ்வளவு எளிதாகக் கிடைத்தன என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். நம் கசப்பு எங்கோ போய்விடுகிறது. எழுதியவர்கள் நம்மைக் கைப்பிடித்து, ‘பயப்படாதீர்கள், இவள் பாவம் அல்ல’ என்று அழைத்துச் செல்கிறார்கள்.

எனக்குத் தொடரில் பிடிக்காதது இதுதான். கணித ஆசிரியரோடு நான் முரண்படுவதும் இங்கேதான். கள்ளன் நல்லவனாகி விட்டானே என்பது என் குறை. லெப்லாங்கின் லூப்பின் திருடுவதற்குக் காரணம் தேடுவதில்லை. ஒரு பிரபுவின் வீட்டுக்குள் புகுந்து, அங்கிருப்பவை போலிப் பொருள்கள் என்று கண்டு, உண்மையானவை வந்தபின் வருகிறேன் என்று சீட்டு வைத்துவிட்டுப் போகிறவன். அவனிடம் ஒரு சிரிப்பு இருந்தது. அஸான் சிரிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு பழைய காட்சி வந்து, அவன் ஏன் சிரிக்கிறான், ஏன் திருடுகிறான், ஏன் மகனை ஏமாற்றுகிறான் என்று விளக்கிவிட்டுப் போகிறது. மூன்றாம் பகுதியில் இவ்விளக்கங்கள் மிகுந்து, செனகலிலிருந்து தாயையும் கொண்டுவந்து அவரையும் கடத்தவைத்து, பழைய அடியாட்களையும் சேர்த்துக்கொண்டபோது கதை களைத்துப்போய்விட்டது. ‘கரு முத்து’ என்ற லெப்லாங்கின் கதையைக் கையிலெடுத்தும் அதன் சுறுசுறுப்பு வரவில்லை.

ஆனால், நேயர்களே, எந்தப் பார்வையாளரும் போதிய அளவு பேசவில்லை என்று நான் கருதும் ஒரு விடயம் உண்டு. இது கள்ளனைப்பற்றிய கதை என்பதைவிட, வாசகனைப்பற்றிய கதை. அஸான் ஒரு வாசகன். அவனைத் தேடும் பொலிஸ் குழுவிலே உண்மையைக் கண்டுபிடிக்கும் ஒரே ஒருவனாகிய யூசுப் கெதிராவும் வாசகன். மற்றவர்கள் கைவிரல் அடையாளங்களைத் தேடும்போது அவன் லெப்லாங்கின் புத்தகத்தைப் புரட்டுகிறான். போல் சேர்னின், லூயி பெரேனா என்று அஸான் சூடிக்கொண்ட பெயர்களை எழுதிப் பார்க்கிறான். ஆர்சேன் லூப்பின் என்ற பெயரிலுள்ள பதினொரு பிரெஞ்சு எழுத்துக்களையும் ஒன்றுகூட மிஞ்சாமல் இடம்மாற்றினால் இந்த இரண்டு பெயர்களும் வரும். இந்தச் சூட்சுமம் மொழிமாற்றுக் குரலிலே பார்த்தவர்களுக்கு அரைவாசிதான் கிடைத்திருக்கும். மாலைமாற்றும் சித்திரகவியும் கண்ட நமக்கு அதன் சுவை விளங்காமற் போகாது.

தந்தையின் கடைசிக் கடிதமும் அப்படித்தான். சுத்தமான பிரெஞ்சு எழுதுவதிலே பெருமை கொண்டவர் பபகார். அவருடைய கடிதத்திலோ எழுத்துப் பிழைகள். எசமான்கள் அதைப் பார்த்து, வந்தேறியின் பிரெஞ்சு இவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். மகன் மாத்திரம் அந்தப் பிழைகளைப் பொறுக்கிச் சேர்க்கிறான். உண்மை அறிந்த ஒரு சிறைக்கைதியின் பெயர் கிடைக்கிறது. இந்த இடத்திலே தொடரை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். 20 வருடத்துக்கு மேலாகப் பிழை திருத்திச் சிவப்புக் கோடு போட்டு வருகிறேன்.

லூயி பெரேனா என்ற அந்தப் பெயரைப்பற்றியும் சொல்ல வேண்டும். லெப்லாங்கின் ‘புலியின் பற்கள்’ என்ற நாவல் 1920இல் பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வெளிவந்தது. அதிலே லூப்பின் இந்தப் பெயரோடுதான் நடமாடுகிறான். வட ஆபிரிக்காவிலே மொரிற்றேனியப் பிரதேசத்தைத் தனக்கொரு பேரரசாக வென்று வைத்திருக்கிறான். கைதானபோது, சிலமணிநேரச் சுதந்திரத்துக்கு விலையாக அந்த நாட்டையே பிரான்சின் பிரதமரிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். பணக்காரரின் பெட்டகத்தைத் திறந்த அதே கலகலப்போடு ஒரு நாட்டையும் மக்களையும் கைமாற்றுகிறான். அக்கால வாசகர்கள் கைதட்டியிருப்பார்கள். நமது கனவான் கள்ளனின் சட்டைப்பையில் அதுவும் இருந்தது என்பதை, ‘இது உண்மையான லூப்பின் அல்ல’ என்று சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஒமார் சீயின் தந்தை செனகலைச் சேர்ந்தவர். தாய் மொரிற்றேனியாவைச் சேர்ந்தவர். லூப்பின் பரிசாகக் கொடுத்துவிட்ட அந்த மண்ணிலிருந்து பாரிசின் புறநகருக்கு வந்த பெண்ணின் மகன், நூறு ஆண்டுகள் கழித்து, லூயி பெரேனா என்ற பெயரை எடுத்துச் சூடிக்கொண்டு உலகம் பார்க்க நடக்கிறான். தொடரை எழுதியவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களோ, தற்செயலோ. லூவரில் எடுத்த மாலையைவிடப் பெரிய களவு இந்தப் பெயர்தான் என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவையும் வகுப்பிலே சொல்லி முடித்தபோது, முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடியும் எழுந்தான். “சேர், அப்ப பொற்கொல்லனைக் கதாநாயகனாக்கி நான் ஒரு கதை எழுதலாமோ?” என்றான். எழுதிக்கொண்டு வா என்றேன். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுவாரம் இரண்டரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். முதல் வாக்கியத்திலேயே மூன்று எழுத்துப் பிழைகள். சிவப்புப் பேனையை எடுத்தேன், பிறகு மூடிவைத்துவிட்டு, “இதெல்லாம் வேணுமெண்டு விட்ட பிழையோ, அல்லது தெரியாமல் விட்டதோ?” என்று கேட்டேன். பயல் பதில் சொல்லாமற் சிரித்தான்.